ரெஃபரல் வந்தாயிற்று, குழந்தை இன்னும் வரவில்லை: இடையில் என்னதான் நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. வேறொரு நாட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க மூன்று வருடம் முன்பு விண்ணப்பித்த தம்பதி. எட்டு மாதம் முன்பு ரெஃபரல் வந்தது. அதாவது, இந்தக் குழந்தைதான் என்று போட்டோவும் மருத்துவ அறிக்கையும் கைக்கு வந்தன. சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஏஜென்சியிடமிருந்து ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்ற ஒரே பதில். ஏழு வயது மகன் தங்கச்சி எப்போது வருவாள் என்று தினமும் கேட்கிறான். ஏன் இவ்வளவு தாமதம், எங்களால் ஏதாவது செய்ய முடியுமா, என்ன சைஸில் துணி வாங்கி வைப்பது?

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நானும் இந்த வரிசையில் நின்றவள்தான். என் மகள் வீட்டுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அதிலிருந்து, காத்திருக்கும் குடும்பங்களின் காகிதங்களைப் படித்து, எது எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வக்கீல் இல்லை. ஆனால் ஒரு பைல் எந்த மேஜையில் தூங்கும் என்று ஓரளவு தெரியும்.

இந்தத் தாமதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நடந்தே தீர வேண்டியது. குழந்தைக்காகவும் அவளைப் பெற்றவளுக்காகவும் யாரோ எதையோ சரிபார்க்கும் நேரம் அது. இன்னொன்று வெட்டித் தாமதம்: விட்டுப்போன ஒரு கையெழுத்து, தாண்டிப்போன ஒரு காலாவதித் தேதி, லீவில் போன அதிகாரி. முதல் வகையில் நீங்கள் கை வைக்கக் கூடாது, இரண்டாவதில் தாராளமாக வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்றுதான் தெரியும். அதனால்தான் நீங்கள் எட்டு மாதமாக எதையும் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் வாழும் நாடும் குழந்தையின் நாடும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு விதி வகுக்கும் 1993 ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்தவையா? நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2003 முதல் நடைமுறை, சீனாவுக்கு 2006, அமெரிக்காவுக்கு 2008. வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணங்களின் பின்னால் ஒட்டும் அப்போஸ்டில் முத்திரையும் ஹேக் பெயரில்தான் வருகிறது, ஆனால் அது 1961ஆம் ஆண்டின் வேறு உடன்படிக்கை. ‘எங்கள் பேப்பர் எல்லாம் ஹேக் ஆகிவிட்டது’ என்று நிம்மதியாக இருந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். ஆகியிருந்தது அப்போஸ்டில் மட்டும்தான்.

ஹேக் வழியில் நீங்கள் ‘சரி’ என்று எழுதியது ஒரு படி, அவ்வளவுதான். குழந்தையின் நாட்டில் இதற்கென்று இருக்கும் மத்திய அமைப்பு, உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் நேரில் பார்த்து எழுதிய ஹோம் ஸ்டடி அறிக்கையையும் குழந்தையைப் பற்றிய அறிக்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இந்தப் பொருத்தம் இவளுக்கு நல்லதா என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் நாட்டு அமைப்பு, இவர்கள் தகுதியானவர்கள், இந்தக் குழந்தை இங்கே வந்து நிரந்தரமாக வாழ அனுமதி உண்டு என்று எழுதித் தர வேண்டும். மேலே போகலாம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வதுதான் அந்த உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு. ஏஜென்சிக்காரர்கள் ‘ஆர்ட்டிகிள் செவன்டீன் வரவில்லை’ என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் தத்து ஆணை. பல நாடுகளில் அதைக் கோர்ட் தரும். இந்தியாவில் 2022 செப்டம்பர் முதல் அந்த வேலை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் போய்விட்டது. ஆணைக்கு மேல், எல்லாம் உடன்படிக்கைப்படி நடந்தது என்று 23ஆம் பிரிவுச் சான்றிதழ். அப்புறம் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் முந்தைய அலுவலகத்தின் அசல் காகிதம் வேண்டும். எட்டு மாதம் என்பது இந்தப் பாதையில் நடுவழி. சந்தோஷப்பட ஒன்றுமில்லைதான், ஆனால் பயப்படும் கணக்கும் இல்லை.

தத்து வரிசை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகராது. 2000களின் தொடக்கத்தில் சீனாவிடம் விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு வருடம் போல் காத்திருந்தால் குழந்தை கிடைத்தது. 2006க்குப் பிறகு அதே வரிசை ஒவ்வொரு மாதமும் சில நாள் அளவுக்குத்தான் நகர்ந்தது. அதாவது, ஒரு மாதம் முழுக்கக் காத்திருந்தால், உங்களுக்கு முன்னால் சில நாட்களில் பதிவு செய்தவர்கள் மட்டும் குறைவார்கள். பலர் வருடக்கணக்கில் நின்றுவிட்டு விலகினார்கள், அல்லது சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கான பட்டியலுக்கு மாறினார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது, கை வைக்கக் கூடாத தாமதத்துக்கு வருவோம். பெற்ற தாய் குழந்தை பிறந்த பிறகுதான் சம்மதம் தரலாம், அதுவும் பணம் வாங்காமல், யாரும் நெருக்காமல், என்ன செய்கிறோம் என்று புரிந்து. இது உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு. சில நாடுகளின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இங்கிலாந்தில் குழந்தை பிறந்து 6 வாரம் ஆவதற்குள் தாய் தரும் சம்மதம் செல்லாது. இந்தியாவில் குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனசு மாறினால் திரும்பி வர 2 மாதம் கொடுக்கிறார்கள். உறவினர் யாராவது வளர்க்க முன்வருவார்களா, உள்நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டுப் பேச்சே வர வேண்டும். பெரும்பாலும் இவை ரெஃபரலுக்கு முன்பே முடிந்திருக்கும். ஆனால் ஆணை போடுகிறவர் இதையெல்லாம் மறுபடி திறந்து படிப்பார். ஒரு தேதி இடித்தால் காப்பகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்பார். அந்த விசாரணையில் போகும் மாதங்கள் உங்களுக்கு வீண் மாதிரி இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 குழந்தைகளை வெளிநாட்டுக் குழு ஒன்று எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துப் பிடிபட்டது. ‘அனாதைகள்’ என்று சொல்லப்பட்ட அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தார்கள். குவாத்தமாலாவில் வேகம் அசாத்தியமாக இருந்தது. குழந்தையை ஒப்படைக்க வந்தவள் உண்மையில் அதன் தாய்தானா என்று டிஎன்ஏ பரிசோதனை செய்ய வேண்டிய நிலை வந்து, 2007 கடைசியில் அந்தக் கதவே மூடியது. தென் கொரியாவில், பல பத்தாண்டுகளுக்கு முன் வெளிநாடு போன குழந்தைகளின் காகிதங்களை அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தோண்டிப் பார்த்தது. பெற்றோர் இருக்கும் குழந்தைகளை அனாதை என்று எழுதியது உட்படப் பல முறைகேடுகள் நடந்திருந்தன என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. அப்படி வந்த குழந்தைகள் இன்று ஐம்பது வயதில் தங்கள் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளும் ஒருநாள் தன் பைலைத் திறப்பாள். அதில் ஒரு பக்கம் காணாமல் இருந்தால் உங்களிடம்தான் கேட்பாள். ஆகவே யாராவது ‘கொஞ்சம் எக்ஸ்ட்ரா கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறோம்’ என்றால், நல்லவர்களாகவே தெரிந்தாலும், அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டித் தாமதம் வேறு கதை. அதைப் பிடிக்க மூன்று கேள்வி போதும். பைல் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது? எந்தத் தேதியில் அங்கே போனது? அடுத்து யார் கையெழுத்து? ‘எப்போது முடியும்’ என்று கேட்காதீர்கள். அதற்கு யாருக்கும் பதில் தெரியாது, தெரியாத கேள்விக்கு ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். இந்த மூன்றையும் மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், மெயிலில் கேளுங்கள். தினமும் போன் செய்கிறவர்களைக் கண்டால் ஏஜென்சிக்காரர்கள் ஒளிவார்கள், நான் இருந்தாலும் ஒளிவேன். மாதா மாதம் ஒழுங்காக மெயில் அனுப்புகிறவர்களுக்காக அவர்களும் ஒரு போன் போட்டுக் கேட்டு வைப்பார்கள்.

அப்புறம் உங்கள் பக்கத்துக் காகிதங்கள். ஒரு தாளில் எல்லா ஆவணத்தின் காலாவதித் தேதியையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஹோம் ஸ்டடி, போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், கைரேகை. ஆமாம், கைரேகைக்கும் ஆயுள் உண்டு: அமெரிக்கக் குடியேற்றத் துறை எடுத்து வைக்கும் கைரேகை 15 மாதம்தான் செல்லும். விரல் மாறாது, விதி அப்படி. வீடு மாறினாலோ, வேலை மாறினாலோ, இன்னொரு ஆள் குடிவந்தாலோ ஹோம் ஸ்டடியைப் புதுப்பிக்க வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

என் கதையைச் சொல்கிறேன். காத்திருந்த காலத்தில் என் பாஸ்போர்ட் முடியப் போகிறது என்று பொறுப்பாகப் புதுப்பித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். புது பாஸ்போர்ட்டுக்குப் புது நம்பர். டோசியர், அதாவது அங்கே அனுப்பிய எங்கள் ஆவணக் கட்டு முழுக்கப் பழைய நம்பர். அங்கே கோர்ட்டில் பைலைச் சரிபார்த்தவர், இது வேறு ஆளாக இருக்கலாம் என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டும் நானேதான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு நோட்டரி, அதற்கு அப்போஸ்டில், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு இன்னொரு முத்திரை. 11 வாரம் போனது. என் மகள் அந்த 11 வாரத்தில் நடக்கக் கற்றுக்கொண்டாள். ஆகவே பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புதுப்பிக்கும் முன் ஏஜென்சியைக் கேளுங்கள்.

நாடு கதவைச் சாத்திவிட்டால்? இந்தப் பயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. நடந்திருக்கிறது. ரஷ்யா 2013 ஜனவரி முதல் அமெரிக்கர்களுக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. குழந்தையை நேரில் பார்த்து, மடியில் வைத்துவிட்டு வந்த குடும்பங்களும் அதில் மாட்டின. எத்தியோப்பியா 2018இல் நிறுத்தியது. சீனா 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் தத்து தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. கோவிட் காலத்திலிருந்து ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் இலவு காத்த கிளி ஆனார்கள். 2004இல் அமெரிக்காவுக்கு மட்டும் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி வந்தார்கள், 2023இல் 1,300 பேர்கூட இல்லை. இதை உங்களால் தடுக்க முடியாது. செய்யக் கூடியது ஒன்றுதான்: உங்கள் பைல் ஒரு நாள்கூட உங்கள் தவறால் நிற்காமல் பார்த்துக்கொள்வது. கதவு மூடும்போது நடுவில் இருப்பவர்களில் யாரை முடிக்க விடுவது என்று கோடு போடுவார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதத்தின் தேதியை வைத்துத்தான்.

இனி குழந்தை. அவள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாள், நீங்கள் இங்கே அவளுடைய பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காப்பகத்தில் கழியும் மாதங்களுக்கு விலை உண்டு என்பது உண்மை, மழுப்ப மாட்டேன். காப்பகத்தில் கழியும் 3 மாதத்துக்கு உயர வளர்ச்சியில் ஏறக்குறைய 1 மாதம் பின்தங்கும் என்பது இந்தக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களின் கைக்கணக்கு. ருமேனியாவில் 2000 வாக்கில் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், காப்பகத்திலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், ஏறக்குறைய 2 வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உயரமும் எடையும் சரசரவென்று ஏறும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாக் காப்பகமும் ஒன்றல்ல, சில நாடுகளில் குழந்தை ஒரு வளர்ப்பு வீட்டில்தான் இருப்பாள். உங்கள் மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டீர்களா? கேளுங்கள்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை, தலைச் சுற்றளவு, மூன்றையும் தேதியோடு கேட்டு வாங்குங்கள். தலைச் சுற்றளவை விடாதீர்கள். உயரமும் எடையும் பின்தங்கியிருந்தும் தலை வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தால் டாக்டர் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார். போட்டோவைவிட ஒரு நிமிட வீடியோ மேல்: கூப்பிட்டால் திரும்புகிறாளா, கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்றுகிறாளா, பயந்தால் யாரிடம் ஓடுகிறாள்.

யாரிடம் ஓடுகிறாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆயாவைத்தான் நீங்கள் அவளிடமிருந்து பிரிக்கப் போகிறீர்கள். நமக்குக் கொண்டாட்டமான அந்த நாள் அவளுக்கு இழவு நாள். என் மகள் முதல் நான்கு இரவும் கதவைப் பார்த்துக்கொண்டு அழுதாள். என் கணவர் உடைந்துபோனார். ஏஜென்சி அனுமதித்தால் உங்கள் முகங்கள் மட்டும் பெரிதாக இருக்கும் ஒரு சின்ன ஆல்பமும், உங்கள் குரல் பதிந்த ஒரு பொம்மையும், நீங்கள் சில நாள் போர்த்திப் படுத்த ஒரு சின்னத் துணியும் அனுப்புங்கள். அங்கிருந்து வரும்போது அவள் போட்டிருக்கும் சட்டையைத் துவைக்காமல் வையுங்கள். அந்த வாசம்தான் அவளுக்குத் தெரிந்த ஊர். அவள் மொழியில் பத்து வார்த்தை படியுங்கள். ‘நான்தான் அம்மா’ அதில் முதலாவதாக இருக்க வேண்டாம். பசிக்கிறதா, வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, போதுமா, நான் இங்கேதான் இருக்கிறேன். இவை வேண்டும்.

மகனுக்கு மாதக் கணக்கு சொல்லாதீர்கள். இன்னும் மூன்று மாதம் என்று சொல்லி அது ஆறானால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான். படிக் கணக்கு சொல்லுங்கள்: ஐந்து கையெழுத்து வேண்டும், இரண்டு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன்காரன் தன் அலமாரியில் பாதியைத் தங்கச்சிக்கென்று காலி செய்து வைத்திருந்தான். முதலில் ஒரு பந்து திரும்பி வந்தது, அப்புறம் இரண்டு புத்தகம், ஒரு வருடத்தில் அலமாரி பழையபடி நிறைந்துவிட்டது. அவள் வரும் வாரம் அவனே மறுபடி காலி செய்தான், யாரும் சொல்லவில்லை. அதுபோல உங்கள் மகன் கேட்பதை நிறுத்தினால் மறந்துவிட்டான் என்று எண்ணாதீர்கள்.

உறவுக்காரர்களுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘தேதி தெரிந்தால் நாங்களே சொல்கிறோம்.’ போட்டோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், சமூக வலைத்தளத்தில் போடவே போடாதீர்கள். ஆணை வரும் வரை சட்டப்படி அவள் உங்கள் மகள் இல்லை. ஒரு படத்தால் கேஸுக்குச் சிக்கல் வரலாம். சிக்கல் வராவிட்டாலும், அவள் முகத்தை முதலில் பார்க்க வேண்டியது ஊர் இல்லை.

நீங்கள் இருவரும் ஒரே மாதிரி காத்திருக்க மாட்டீர்கள். ஒருவர் கட்டில் வாங்கி மாட்டுவார், இன்னொருவர் அந்த அறைக் கதவையே திறக்க மாட்டார். இதை வைத்து யாருக்கு ஆசை அதிகம் என்று அளக்கத் தொடங்காதீர்கள். நாங்கள் அளந்தோம், கேவலமான சண்டை போட்டோம்.

சரி, துணி. மருத்துவ அறிக்கையில் இருக்கும் உயரம் எழுதிய தேதியைப் பாருங்கள், அது ஏற்கெனவே பழையது. வயதுக்கு ஏற்ற சைஸ் வாங்கினால் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும். கடைசியாக வந்த உயரத்துக்கு ஒரு ஜோடி, அதற்கு அடுத்த சைஸில் இரண்டு ஜோடி போதும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததாகப் பாருங்கள். லேபிளையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். பாதத்துக்கு, ஒரு வெள்ளைத் தாளில் அவளை நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பேனாவால் வரைந்து அனுப்பும்படி ஏஜென்சி மூலம் காப்பகத்தைக் கேளுங்கள். எங்களுக்கு வந்த தாளில் கோடு சுண்டு விரல் பக்கம் வழுக்கி ஓடியிருந்தது, அசைந்திருப்பாள். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஷூவுக்குள் போட்டுப் பார்த்து வாங்கினேன். நான்கு மாதம் கழித்து அங்கே போய் நின்றபோது அது அவள் குதிகாலைத் தாண்டவில்லை. ஷூவை மட்டும் அங்கே போய் வாங்குங்கள்.